வலப்பக்கம் திரும்பக் கூடாத கார்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அகஸ்டின் ஆண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவன். அவன் ஊதியது சங்கும் இல்லை, அரைப்பக்க மனு. ஆனாலும் கெட்டது கெட்டதுதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் ஊக்குவிப்பு வாரியம் என்று ஒன்று இருந்தது. ஊரில் பீங்கான் செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள். வாரியம் தன் பாட்டுக்கு ஊக்குவித்துக்கொண்டு இருந்தது. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை. அந்த வட்டார அலுவலகத்தில் அகஸ்டின் தற்காலிக டிரைவர். தற்காலிகம் என்றால் ஏதோ ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது வருஷம், பத்தரை மாதம்.

2006-ம் வருஷம் வாரியத்தில் ஓர் ஆணை வந்தது. பத்து வருஷம் முடித்த தற்காலிக ஊழியர்கள் நிரந்தரம் ஆகலாம். அகஸ்டினின் மனைவி அன்னாள் அன்றைக்கே அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள். ஆனால் ஆணையின் கடைசிப் பத்தியில் ஒரு முள் இருந்தது: பத்து வருஷம் முடிகிற நாளில் ஊழியரின் பொறுப்பில் உள்ள பொருள் குறைபாடு ஏதுமின்றி இருத்தல் வேண்டும். அகஸ்டினின் பொறுப்பில் இருந்த பொருள் ஒரு வெள்ளைக் கார். அதில் குறை இருந்தால் காரைக் கழித்துவிடுவார்கள். காரோடு சேர்த்து டிரைவரையும் கழித்துவிடுவார்கள்.

அந்த நாளுக்கு இன்னும் நாற்பத்தைந்து நாள் பாக்கி இருக்கும்போது, ஜங்ஷன் ரோட்டில் வலப்பக்கம் திரும்புகையில், கார் டக்கு டக்கு டக்கு என்றது.

அகஸ்டின் மறுபடி மறுபடி ஒடித்துப் பார்த்தான். நேராகப் போனால் சத்தமில்லை. இடப்பக்கம் ஒடித்தால் சத்தமில்லை. வலப்பக்கம் ஒடித்தால் மட்டும் யாரோ சக்கரத்துக்குள் உட்கார்ந்து பல்லியாகச் சகுனம் சொல்கிற மாதிரி டக்கு டக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக் கலியமூர்த்தியின் பட்டறைக்கு ஓட்டிப் போனான். இருவரும் ஒரே ஸ்கூலில் ஒரே வருஷம் பெயில் ஆனவர்கள். அந்த நட்பு எளிதில் அறுவதில்லை.

கலியமூர்த்தி காரைக் காலி மனைக்குக் கொண்டுபோகச் சொன்னான். ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டம் போடச் சொல்லி, கூடவே குனிந்தபடி நடந்தான். அப்புறம் இடப்பக்கம் ஒரு வட்டம். அப்புறம் மறுபடி வலப்பக்கம். பிறகு தரையில் படுத்து இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, விரலை எடுத்துக் காட்டினான். விரலில் கறுப்பு கிரீஸ், அதில் வெள்ளைக் களிமண் தூசி.

"இடது பக்க ஆக்சில் ஜாயிண்ட்டு. மேல இருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சிடுச்சு. கிரீஸு எல்லாம் வெளிய அடிச்சிடுச்சு, நம்ம ஊரு மண்ணு உள்ள பூந்துடுச்சு. உள்ள இருக்கிற குண்டு தேஞ்சுபோயி தத்துது."

"வலப்பக்கம் திரும்பினாத்தானய்யா சத்தம் வருது?"

"வலப்பக்கம் திரும்பறப்போ வண்டி பாரமெல்லாம் இடது சக்கரத்துமேல சாயும். பாரத்த தாங்கறவன்தான கத்துவான்? அரைமணி நேர வேலை. ஜாயிண்ட்டு எங்கிட்டயே இருக்குது. மாட்டிடட்டுமா?"

அகஸ்டின் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். பதறாமல் என்ன செய்வான்? போன வருஷம் அலுவலகக் காவலாளி கொளஞ்சியப்பன், வாசல் கேட் கிறீச்சிடுகிறதே என்று வூட்டிலிருந்து நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கீலில் விட்டான். அனுமதியின்றி வாரியச் சொத்தில் திரவம் செலுத்தியதற்காக அவனுக்கு மெமோ வந்தது. பழைய சத்தத்தை ஒரு வாரத்துக்குள் மீட்டுத் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பாவம், ஏழு நாளும் கீலில் மணலைப் போட்டுத் தேய்த்து, ஒருவழியாகக் கிறீச்சை வரவழைத்தான்.

"எழுத்துல உத்தரவு வாங்கிட்டு வரேன்" என்றான் அகஸ்டின். கலியமூர்த்தி புது ஜாயிண்ட்டை பேப்பரில் சுற்றி, பரணில் வைத்து, "சீக்கிரம் வா" என்றான்.

மனுவை வாங்கியவர் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்புஜவல்லி. இருபத்தாறு வருஷ சர்வீஸ். எந்தக் காகிதத்தையும் அவர் படிப்பதில்லை, எடை பார்ப்பார். மனுவைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, மெலிசாக இருக்கிறதே என்று முகம் சுளித்தார். பிறகு வேறு வழியில்லாமல் படித்தார்.

"ஏம்ப்பா அகஸ்டின், சத்தம் எந்தப் பக்கம் திரும்பினா வருது?"

"வலப்பக்கங்கம்மா."

"கோளாறு எந்தப் பக்கம்னு எழுதியிருக்கற?"

"இடப்பக்கங்கம்மா. பாரம் அந்தப் பக்கம் சாயறதால..."

"ஒரே மனுவுல வலதுங்கற, இடதுங்கற. நாளைக்கு ஆடிட்டு வந்து கேட்டா நான் எந்தப் பக்கம் நிக்கறது?" இடப்பக்கம் என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்தார். "வலப்பக்கம்னே இருக்கட்டும். மனுன்னா ஒரு கட்டுக்கோப்பு வேணும்."

அடுத்த சிக்கல், இந்த மனுவை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது. வாரிய விதிப் புத்தகத்தில் கார் என்ற சொல்லே கிடையாது. அது அச்சான காலத்தில் வாரியத்திடம் இருந்தது மாட்டு வண்டி. ஆனால் சத்தம் என்ற சொல் பதினாலாவது விதியில் இருந்தது. பொருளில் சத்தக் குறை இருப்பின் ஒலிப் பரிசோதனைக்கு அனுப்புக. அம்மா அனுப்பிவிட்டார். பரிசோதனைத் தேதி கிடைக்கிறவரைக்கும் ஓர் இடைக்கால உத்தரவையும் போட்டுக் கையில் கொடுத்தார்: மேற்படி கார் வலப்பக்கம் திரும்பக் கூடாது.

இதில் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வலப்பக்கம் திரும்பினால்தானே சத்தம்? திரும்பாவிட்டால் ஏது? ஒரே வரியில் நோயைத் தீர்த்துவிட்டார்.

வட்டார மேலாளர் பழமலைநாதனின் வூடு, அலுவலக வாசலிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் நடந்துபோகிற தூரம். வலப்பக்கம் திரும்பக் கூடாது என்றால் இடப்பக்கம், மறுபடி இடப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். அப்படிச் சுற்றுகிற வழியில் பழமலைநாதர் கோயிலின் நாலு வீதியும் அகப்பட்டுக்கொண்டன. அதுவும் நேர்ச்சுற்று இல்லை. கோயிலை வலமாகச் சுற்றினால் புண்ணியம். இடமாகச் சுற்றினால் என்ன ஆகும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாமி பெயரையே வைத்துக்கொண்ட மேலாளர், தினம் சாயங்காலம் அந்தச் சாமியை எதிர்ச்சுற்றாகச் சுற்றி வூட்டுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் மேலாளருக்குப் பல்வலி வந்தது. ஆறாம் நாள் அவர் ஒரு முடிவு எடுத்தார். காவலாளி கொளஞ்சியப்பன், கார் எத்தனை சுற்று இடமாகப் போகிறதோ அத்தனை சுற்று வலமாக நடந்து, அலுவலகத்தின் பாவக் கணக்கை நேர் செய்ய வேண்டும். போக்குவரத்துப் படி உண்டு. கொளஞ்சியப்பன் நடந்தான். நாலு வீதியில் ஏதாவது ஒரு முனையில் காரும் கொளஞ்சியப்பனும் எதிரெதிரே வருவார்கள். அவன் நின்று மேலாளருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு மேற்கொண்டு நடப்பான். ஊர் சும்மா இருக்குமா? யாரோ பெரிய இடத்து தோஷம் கழிகிறது, இது கேரளத்து முறை என்று பேச்சு கிளம்பியது. மூன்றாம் வாரத்தில், ஏழரைச் சனி பிடித்த நாலைந்து பேர் காருக்குப் பின்னால் பயபக்தியோடு நடக்க ஆரம்பித்தார்கள்.

"நீங்க தினமும் பழமலைநாதர் கோயில சுத்தறீங்களாமே? பாதரு கேட்டாரு" என்றாள் அன்னாள்.

"ஆர்டரு" என்றான் அகஸ்டின்.

"அந்தோணியாரு கோவிச்சுக்கப் போறாரு. வேலை மட்டும் நிரந்தரமா கெடைக்கட்டும், ரெண்டு சாமிகிட்டயும் நானே பேசிக்கறேன்."

நடுவில் திட்டக்குடியில் மேலாளர் ஒரு கருத்தரங்கைத் தொடங்கி வைக்க வேண்டியிருந்தது. திட்டக்குடிக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டிய முனையில் அகஸ்டின் உத்தரவை நினைத்துக்கொண்டு நேரே போனான். வழி தவறியது தவறியதுதான். கடைசியில் வேப்பூரில், திருச்சி மெயின் ரோட்டோரம் ஒரு ஓட்டல் வாசலில் போய் நின்றார்கள். மணி பதினொன்று. கருத்தரங்கு தொடங்க வேண்டிய நேரமும் பதினொன்று. மேலாளர் நேரம் தவறாதவர். இறங்கினார், சட்டைப்பையிலிருந்து உரையை எடுத்தார், பரோட்டா தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர்களைப் பார்த்துத் தொடங்கிவிட்டார்.

"அன்பார்ந்த தொழில் முனைவோரே! பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் வாரியத்தில் ஒரு கோப்பைகூட உடைந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வாரியத்தில் ஒரு கோப்பைகூடச் செய்யப்படவில்லை என்று சிலர் குறை கூறுகிறார்கள். நான் கேட்கிறேன், செய்திருந்தால் உடைந்திருக்காதா? உடைந்தால் யார் பொறுப்பு?"

லாரி டிரைவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்துவந்து, "சால்னா இன்னும் கொஞ்சம் கெடைக்குங்களா?" என்று கேட்டார். மேலாளர் அதைக் கோரிக்கையாகக் குறித்துக்கொண்டார். லாரிகள் நிற்கிற திடலில் இடமாகவே பெரிய வட்டம் போட்டு அகஸ்டின் காரை ஊருக்குத் திருப்பினான். கருத்தரங்கு சிறப்பாக நடந்ததாக அறிக்கை போயிற்று.

இருபத்தொன்பதாம் நாள் ஒலிப் பரிசோதனை.

பீங்கானை எப்படிச் சோதிப்பார்கள் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுட்டெடுத்த பொருளை மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டுவார்கள். கணீர் என்றால் நன்றாக வெந்தது. மந்தமாகச் சத்தம் வந்தால் வேகவில்லை, அல்லது உள்ளே விரிசல். வாரியத்தின் ஒலிப் பரிசோதகர் நல்லமுத்து, இருபத்தெட்டு வருஷமாகத் தட்டுகிறவர். கல்யாண வூட்டுக்குப் போனாலும் தட்டு, டம்ளர், தவில் எதையும் தட்டிப் பார்க்காமல் சாப்பிட உட்கார மாட்டார்.

காரை வைக்கோல் பரப்பி அதன்மேல் நிறுத்தினார்கள். மேலாளரும் அம்புஜவல்லியும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நல்லமுத்து புளியங்கட்டைச் சுத்தியோடு காரை ஒரு சுற்று வந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, வண்டிய ஓட்டித் திருப்பினாத்தாங்க அந்தச் சத்தம் வரும்" என்றான் அகஸ்டின்.

நல்லமுத்து கண்ணைத் திறந்தார். "சட்டி ஓடிக்கிட்டே இருந்தா நான் எங்கய்யா தட்டறது? பொருளு அசையக் கூடாது, விதி அப்பிடி. உன் வண்டிக்காக விதிய ஓடவுட முடியுமா?"

தட்டினார். கதவு நாலும் கணீர். கூரை கணீர். முன் மூடி மந்தம். சீட்டைத் தட்டினார், சத்தமே இல்லை. துக்கத்தோடு தலையை ஆட்டினார். டயரைத் தட்டினார், சுத்தி எகிறி அவர் நெற்றியிலேயே பட்டது. நெற்றி கணீர் என்றது. அறிக்கையில் இப்படி எழுதினார்: மேற்படி பொருளில் புகார்தாரர் கூறும் டக்கு சத்தம் காணப்படவில்லை. ஆனால் பொருள் பல இடங்களில் சரிவர வேகவில்லை. விதிப்படி மறுபடி சூளையில் வைத்து ஆயிரத்து நூற்றெண்பது டிகிரியில் சுட வேண்டும்.

அகஸ்டின் அந்தத் தாளைப் படித்தபோது தலை சுற்றியது. இடப்பக்கமாகவா வலப்பக்கமாகவா என்று அவனுக்கே தெரியவில்லை. அங்கே ஒருவர் முகத்திலாவது சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. மேலாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், அம்மா முத்திரையில் மை தடவிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம் பத்தரை மாதம் துடைத்துத் துடைத்து வைத்த கார். அதைச் சுட்டுச் சாம்பலாக்கிவிட்டு, சாம்பலில் குறைபாடு என்று எழுதி, அவனை வூட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அழுகை வந்தது. அலுவலக நேரமாயிற்றே என்று விழுங்கிக்கொண்டான்.

வாரியத்தின் பொதுச் சூளைக்குப் பொறுப்பாளர் கோவிந்தராசு. அவரிடம் போய்க் காலில் விழாத குறையாக நின்றான். கோவிந்தராசு உத்தரவைப் படித்தார், காரை அளந்தார், சூளை வாயை அளந்தார். நுழையவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார். எட்டு நாளில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: நுழையும் அளவுக்குப் பொருளைப் பிரித்து, சுட்ட பின் பழையபடி பொருத்தி ஒப்படைக்கவும்.

அகஸ்டின் அந்த வரியை மூன்று தரம் படித்தான். பிரித்து. பொருத்தி. முத்திரை இருந்தது. கையெழுத்து இருந்தது. முப்பத்தெட்டு நாளாக அவன் கேட்டு அலைந்த எழுத்து உத்தரவு இதுதான்!

"அண்ணே, யாரு பிரிக்கணும்னு போட்டிருக்குதா?"

"போடல" என்றார் கோவிந்தராசு.

அகஸ்டின் ஓடினான். கலியமூர்த்தி பரணிலிருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, சைக்கிளிலேயே சூளைக்கு வந்துவிட்டான். ஜாக்கி போட்டு, இடது முன்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த ஜாயிண்ட்டை உருவி, புதியதை மாட்டி, கிரீஸ் அடைத்து, ரப்பர் உறையைக் கவ்வவிட்டு, சக்கரத்தை முடுக்கினான். அரைமணி நேரம் என்றானே, பொய். இருபத்தைந்து நிமிஷம்தான் ஆயிற்று.

"பிரிச்சாச்சு, பொருத்தியாச்சு. நடுவுல சுடணுமே அண்ணே?" அகஸ்டின் உத்தரவை மறுபடி விரித்துக் காட்டினான்.

கோவிந்தராசு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவனைச் சூளைக்குள் கூட்டிப்போனார். உள்ளே ஒரு நாய் அஞ்சு குட்டி போட்டிருந்தது.

"தம்பி, இந்தச் சூளையில நெருப்பப் பாத்து நாலு வருஷம் ஆவுது. ரிஜிஸ்டர்லதான் செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை வேவுது." மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார்: கை கழுவும் தொட்டி நாற்பது, கார் ஒன்று, எல்லாம் முதல் தரம். "எடுத்துட்டுப் போ. வெந்துடுச்சு."

சூளை வாசலில் அகஸ்டின் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து ஒரு வட்டம் போட்டான். சத்தமில்லை. இன்னொரு வட்டம் போட்டான். கலியமூர்த்தி இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றான். மூன்றாவது வட்டத்தில் அகஸ்டினுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. வலப்பக்கம் திரும்புவதில் இவ்வளவு சுகம் இருக்கிறதென்று அவனுக்கு இத்தனை நாள் தெரியாது.

மேலாளர் தானே காரில் உட்கார்ந்து பார்த்தார். நாற்பது நாளில் முதல்முறையாக வலப்பக்கம் திரும்பி வூட்டுக்குப் போனார். பல்வலி நின்றது. மறுநாள் ஊழியர் கூட்டத்தில் அவர் குரல் தழுதழுத்தது.

"ஒரு சாதாரண மெக்கானிக்கிடம் போயிருந்தால் அரைமணி நேரத்தில் அவசரப்பட்டு ஏதாவது செய்திருப்பான். நாம் அவசரப்படவில்லை. எந்தக் கோளாறையும் நாற்பது நாள் கோப்பில் வைத்தால் அது தானாக வெந்துவிடும் என்று நிரூபித்திருக்கிறோம். வாரியத்தின் எல்லா வண்டிகளையும் சுட வேண்டும் என்று தலைமைக்கு எழுதப் போகிறேன். மந்தமாக இருக்கும் ஊழியர்களையும்..." அம்புஜவல்லி லேசாக இருமினார். மேலாளர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

நாற்பத்தைந்தாம் நாள் ஆணை வந்தது. அகஸ்டின் நிரந்தரம். அன்னாள் இரண்டு சாமிக்கும் சேர்த்து ஒரே மெழுகுவத்தியாகப் பெரிதாக ஏற்றினாள்.

ஆணையின் இரண்டாம் பக்கத்தை அம்புஜவல்லி படித்துச் சொன்னார். கார் சூளை ரிஜிஸ்டரில் ஏறி, முதல் தரம் என்று சான்று வாங்கிவிட்டதால், இனி அது வண்டி இல்லை, சுட்ட பொருள். சுட்ட பொருளை ரோட்டில் ஓட்டக் கூடாது, வைக்கோல் சுற்றி இருப்பு அறையில் வைக்க வேண்டும். வண்டி இல்லாத அலுவலகத்துக்கு டிரைவர் எதற்கு? ஆகவே அகஸ்டின் இன்றுமுதல் உடையும் பொருள் காப்பாளர். சம்பளம் கூடுதல். வேலை, காரைத் துடைப்பது, மேலாளர் வெளியே போனால் கூடப் போய்க் கோப்புகளைத் தூக்குவது.

"சந்தோஷம்தானப்பா?" என்றார் அம்மா. சந்தோஷம்தான் என்று சொல்லி, இருப்பு அறைக்குப் போய், வைக்கோலுக்குள் கையை விட்டுக் காரின் கதவைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அந்தக் கார் இப்போது எந்தப் பக்கமும் திரும்ப வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் மேலாளர் ஆட்டோ பிடித்தார். ஓட்டியவன் சகாயராஜ், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அகஸ்டினுக்குப் பழக்கமானவன். அகஸ்டின் கோப்பு மூட்டையோடு மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்தான். அலுவலக வாசலில் ஆட்டோ வலப்பக்கம் திரும்பியது.

டக்கு டக்கு டக்கு.

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏதோ சத்தம் வருதே?"

"ஆமாங்க சார், ரெண்டு நாளாவே வலப்பக்கம் திரும்பினா..." என்று சகாயராஜ் ஆரம்பித்தான். அகஸ்டின் பின்னாலிருந்து அவன் தோளை அழுத்திப் பிடித்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க சார்."

மேலாளர் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பத்து வருஷத்தில் முதல்முறையாக, தன் இனத்தானைப் பார்க்கிற பார்வை. பிறகு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"நல்லது. எனக்கும் கேக்கல."

ஆட்டோ டக்கு டக்கு டக்கு என்று அவர் வூட்டுத் தெருவுக்குள் நுழைந்தது.